வீட்டு லேத்துக்கு எண்ணெய் விடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டில் லேத் வைத்திருக்கும் பலரும் தவறாமல் எண்ணெய் விடுகிறார்கள். விட்ட எண்ணெய் உரசும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர்கள்தான் குறைவு. எண்ணெய்த் துளையைப் பழைய பெயின்ட் அடைத்திருக்கும். எண்ணெய் வெளியே வழிந்து அடித்தட்டில் சொட்டும். இயந்திரம் முழுவதும் நனைந்து பளபளக்கும்; உள்ளே, சுற்றும் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்து கிடக்கும். அதனால் கீழே ஒவ்வொரு படியிலும், எண்ணெய் விடும் இடத்தோடு அது சேர்ந்ததற்கான அடையாளத்தையும் சொல்லியிருக்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் பெல்ட் லேத்: நாலரை அடி அல்லது ஆறடி பெட் (மற்ற பாகங்கள் ஏறி நிற்கும் நீண்ட அடித்தளம்), கோன் புல்லி (படிப்படியான பெல்ட் சக்கரம்), பேக் கியர் (ஸ்பிண்டில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள்), கன்மெட்டல் என்ற வெண்கல வகைப் புஷ்ஷில் சுழலும் ஸ்பிண்டில் (வேலைப்பொருளைச் சுற்றும் முதன்மைத் தண்டு). செகண்ட் ஹேண்டாக வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். முழு கியர் ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் இடப்பக்கப் பெட்டி) உள்ளவர்களுக்கும் சிறிய சீன மினி லேத் உள்ளவர்களுக்கும் எங்கே மாறுபடும் என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

மூன்று வகை மசகு போதும். ஸ்பிண்டிலுக்கு ஐஎஸ்ஓ விஜி 32 ஹைட்ராலிக் எண்ணெய். பெட்டுக்கும் ஸ்லைடுகளுக்கும் விஜி 68 ஸ்லைடுவே எண்ணெய். திறந்த கியர்களின் பற்களுக்குக் கொஞ்சம் கிரீஸ்.

அந்த எண், 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிக்கிறது. எண் கூடினால் எண்ணெய் கெட்டி. ஸ்பிண்டில் வேகமாகச் சுற்றும், புஷ்ஷில் இடைவெளியும் மிகக் குறைவு. கெட்டி எண்ணெய் அங்கே போனால் சூடுதான் மிஞ்சும். வெட்டும் கருவியைச் சுமந்து பெட்டின்மேல் ஓடும் சேடிலோ மெதுவாக, கனத்தோடு நகர்கிறது. நீர்த்த எண்ணெய் அதன் அடியிலிருந்து பிதுங்கி வெளியே வந்துவிடும். ஸ்லைடுவே எண்ணெயில் இரும்பைப் பற்றிக்கொள்ளும் சேர்மானம் கலந்திருப்பது அதனால்தான்.

லேத்தோடு கையேடு வந்திருந்தால் அதில் சொல்லியிருப்பதே முடிவு. கையேடு இல்லாத, மெதுவாக மட்டுமே ஓடும், சற்றுத் தேய்ந்த பழைய லேத்தில் ஸ்பிண்டிலுக்கும் விஜி 68 விட்டு ஓட்டலாம். சூட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்லைடுவே எண்ணெய் சிறிய டப்பாவில் கிடைக்காத ஊரில் பெட்டுக்கு ஹைட்ராலிக் 68 போதும். சர்வோ சிஸ்டம் 68 போன்றவை எளிதில் கிடைக்கும். என்ன, இன்னும் கொஞ்சம் அடிக்கடி விட வேண்டியிருக்கும்.

தொடவே கூடாதவையும் உண்டு. வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எஞ்சின் எண்ணெய் முதலாவது. காசு மிச்சம் என்று பல பட்டறைகளில் அதைத்தான் விடுகிறார்கள். அதில் கரியும் அமிலமும் உலோகத் துகளும் மிதக்கின்றன. தேய்மானத்தைத் தடுக்க விடும் எண்ணெயே தேய்மானத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் போன்றவை நாளடைவில் காற்றுப்பட்டுக் கெட்டுப் பிசினாகும், துளையை அடைக்கும். வண்டி டிஃபரன்ஷியலுக்கு விடும் ஜிஎல் 5 வகை கியர் எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மானம் கன்மெட்டலையும் பித்தளையையும் அரிக்கக்கூடும். துரு நீக்கும் ஸ்பிரே பெரும்பாலும் கரைப்பான்தான். இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

கருவிகள்: நீண்ட மூக்குள்ள பம்ப் ஆயில் கேன் இரண்டு, ஊசி முனை மழுங்கிய 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, பெயின்ட் பிரஷ் இரண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய் கொஞ்சம், மெல்லிய கம்பி, பனியன் வேஸ்ட். கேன்களில் 32, 68 என்று பெரிதாக எழுதி வெவ்வேறு நிற டேப் சுற்றிவிடுங்கள். நான்கு மாதம் கழித்து எது எதிலிருக்கிறது என்று விரலால் தேய்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பனியன் வேஸ்ட் எடுக்கும்போது நூல் பிரியாத துண்டாகப் பொறுக்கி எடுங்கள். ஒரு நூல் எண்ணெய்த் துளைக்குள் போய் உட்கார்ந்தால் அதை எடுப்பது பெரும்பாடு.

2. பிளக்கைக் கழற்றுங்கள்

சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். எண்ணெய் விடும்போது ஒரு கை கியர்களுக்கு நடுவில் இருக்கும். இடுப்போ முழங்கையோ சுவிட்சில் படும். கையுறை, மோதிரம், காப்பு, தொங்கும் துண்டு எதுவும் உடலில் இருக்கக் கூடாது. வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில் அதன் சாவி செருகியிருந்தால் எடுத்து ஆணியில் மாட்டிவிடுங்கள்.

ஸ்பிண்டிலைக் கையால் சுற்ற வேண்டிய இடங்கள் வரும். அதற்காக பெல்ட்டைத் தளர்த்தி வைத்துக்கொள்வது நல்லது. லேசாகச் சுற்றும்போதுதான் உள்ளே எங்காவது இறுக்கம் இருந்தால் கைக்குத் தெரியும்.

3. துளைகளைத் தேடி எண்ணுங்கள்

இது ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய வேலை. ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு எண்ணெய்க் கேனை எடுப்பவர்கள்தான் பின்னால் புஷ் மாற்றுகிறார்கள்.

செகண்ட் ஹேண்ட் லேத் விற்பனைக்கு வரும் முன் மொத்தமாகப் பட்டி பார்த்துப் பச்சையோ சாம்பல் நிறமோ அடித்து வரும். பார்க்க அழகாக இருக்கும். எண்ணெய்த் துளை பலவும் அந்தப் பட்டிக்கு அடியில் புதைந்திருக்கும். எனவே பார்வையை நம்பாமல் தர்க்கத்தால் தேடுங்கள்: எங்கெல்லாம் ஒரு தண்டு சுற்றுகிறதோ, எங்கெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகிறதோ, அங்கெல்லாம் எண்ணெய் போக ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். அந்தத் தண்டுக்கு நேர் மேலே விரல் நுனியால் தடவுங்கள். சிறு குழியோ மேடோ தட்டுப்படும். அங்கே ஊசியால் சுரண்டினால் பட்டி உதிர்ந்து துளை தெரியும்.

துளை நான்கு உருவத்தில் இருக்கும். வெறும் துளை, மூடி போட்ட சிறு கிண்ணம், உள்ளே ஸ்பிரிங்கில் நிற்கும் எஃகுக் குண்டு உள்ள ஆயிலர், திருகாணி போட்டு மூடிய துளை. கடைசி வகைதான் ஏமாற்றும். அது ஏதோ பாகத்தைப் பிடித்திருக்கும் திருகாணி என்று நினைத்து யாரும் தொடுவதில்லை.

ஒவ்வொரு துளையையும் மண்ணெண்ணெய் நிரப்பிய சிரிஞ்சால் கழுவுங்கள். திரவம் உள்ளே இறங்காமல் முகத்தில் திரும்பி அடித்தால் அடைப்பு இருக்கிறது. மெல்லிய கம்பியை விட்டு மெதுவாகக் குடைந்து, அழுக்கை வெளிப்பக்கமாக இழுத்து எடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். காற்றடிக்கும் கம்ப்ரஸர் வேண்டாம், அது அழுக்கை நேராக புஷ்ஷுக்குள் செலுத்திவிடும். அருகில் வெல்டிங், அடுப்பு, பீடி எதுவும் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வழி திறந்ததும் சிறிது எண்ணெய் விட்டு, தண்டின் ஓரத்தில் அது கசிந்து வருகிறதா என்று காத்திருந்து பாருங்கள். முதலில் பழுப்பாக, கெட்டியாக ஒரு கோடு வரும். பிறகு நிறம் தெளியும். அந்தத் தெளிந்த கோடுதான் எண்ணெய் சேர்ந்ததற்கான அடையாளம்.

பிறகு, தினமும் விட வேண்டிய துளையைச் சுற்றிச் சிவப்பு வளையமும், வாரம் ஒருமுறை விட வேண்டியதற்கு மஞ்சள் வளையமும் வரையுங்கள். மொத்தம் எத்தனை என்று எண்ணி ஹெட்ஸ்டாக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். கடைசித் துளையை முடிக்கும்போது எண் ஒத்துவரவில்லை என்றால் எதையோ விட்டிருக்கிறீர்கள்.

4. எண்ணெய்க்கு முன் துடைப்பு

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பெட்டில் சீவல் கிடக்கும்போதே அதன்மேல் எண்ணெயை ஊற்றி, சேடிலை முன்னும் பின்னும் ஓட்டிப் பரப்புகிறார்கள். எண்ணெயில் மிதக்கும் அந்தத் துகள் சேடிலுக்கு அடியில் புகுந்து பெட்டை அரைக்கிறது. எண்ணெய் விடாமல் இருந்திருந்தால்கூட அவ்வளவு கெடுதல் இல்லை.

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று போங்கள். ஹெட்ஸ்டாக் மேல்பகுதி, கருவி பிடிக்கும் டூல் போஸ்ட், அதன் அடியில் கோணத்தில் திருப்பக்கூடிய கம்பவுண்டு, பெட்டுக்குக் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடு, சேடில், அதன்பிறகே பெட். மேலே துடைக்கும் அழுக்கு கீழேதான் விழும்; பெட்டை முதலில் துடைத்தால் மறுபடி துடைக்க வேண்டும்.

சீவலைப் பிரஷால் தள்ளுங்கள். சுருள் சுருளாக வந்த எஃகுச் சீவலைக் கொக்கியால் இழுங்கள். வெறுங்கையால் பிடித்தால் பிளேடு போல அறுக்கும். சேடில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதன் இரு பக்கமும் பெட் முழுவதும் சுத்தமான பிறகுதான் அதை நகர்த்தி, அடியில் இருந்த பகுதியையும் துடைக்க வேண்டும்.

பிரஷ் முடித்ததும் துணி. துணியைப் பெட்டின் நீளவாக்கில் ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கடைசியில் உள்ளங்கையால் பெட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துகள் தோலுக்குத் தெரியும்.

5. ஸ்பிண்டில்: முதல் எண்ணெய் இங்கே

சுத்தம் முடிந்ததும் எண்ணெய் ஸ்பிண்டிலில் தொடங்க வேண்டும். மற்ற இடங்களை நீங்கள் முடிப்பதற்குள் திரி ஊறி எண்ணெய் புஷ்ஷுக்கு இறங்க அவகாசம் கிடைக்கும்.

ஹெட்ஸ்டாக்கின் மேல், முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு கிண்ணங்கள் இருக்கும். மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றித் துடையுங்கள். திறந்து 32 எண்ணெயை மெதுவாக விடுங்கள். மேலே குமிழி வந்தால் நிறுத்தி, அது அடங்கிய பின் தொடருங்கள். காற்று வெளியேறாமல் எண்ணெய் இறங்காது. இதே வேளையில் ஸ்பிண்டிலைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். சக்குக்குப் பின்னால், புஷ்ஷின் ஓரத்தில் ஈரக்கோடு தெரிந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது.

கிண்ணத்துக்குள் கம்பளித் திரி இருந்தால் அதைப் பார்க்காமல் விடாதீர்கள். கறுத்து, விறைத்துப் போன திரி எண்ணெயை உறிஞ்சாது. கிண்ணம் நிறைந்தே இருக்கும். பார்ப்பவர் "எண்ணெய் குறையவே இல்லை, நல்ல லேத்" என்று மகிழ்ந்துகொண்டிருப்பார். எண்ணெய் குறையாத கிண்ணம் ஆபத்தின் அறிகுறி. திரியை மாற்றும்போது உண்மையான கம்பளித் திரியாக வாங்கி, போடும் முன் ஓர் இரவு எண்ணெயில் ஊறவையுங்கள். காய்ந்த திரி தானே நனைந்து எண்ணெயைக் கடத்துவதற்குள் புஷ் சூடாகிவிடும்.

கண்ணாடிக் குடுவையில் சொட்டுச் சொட்டாக விழும் ஆயிலர் இருந்தால், மேலே உள்ள சிறு கைப்பிடி நிமிர்ந்து நின்றால் திறந்திருக்கிறது, படுத்திருந்தால் மூடியிருக்கிறது. லேத்தை ஓட்டும் முன் நிமிர்த்துங்கள், நிறுத்தியதும் படுக்கவையுங்கள். மறந்தால் காலையில் குடுவை காலி, அடித்தட்டு நிறைவு.

முழு கியர் ஹெட்ஸ்டாக் என்றால் உள்ளே எண்ணெய்த் தொட்டி இருக்கும். ஓடாமல் நிற்கும்போது பார்வைக் கண்ணாடியின் நடு அளவுக்கு எண்ணெய் வேண்டும். இந்தக் கண்ணாடியை முழுதாக நம்பாதீர்கள். பல ஆண்டு கறை படிந்த கண்ணாடியில் எண்ணெய் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே ஒரு கோடு தெரியும். ஸ்பிண்டிலைச் சுற்றும்போது அந்தக் கோடு அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் வடிகால் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி எண்ணெய் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். எண்ணெயை மாற்றும்போது லேத்தைச் சிறிது நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்தால் அடியில் தங்கிய துகளும் சேர்ந்து வெளியேறும்.

சீன மினி லேத்தில் ஸ்பிண்டில் கிரீஸ் நிரப்பிய பால் பேரிங்கில் சுற்றுகிறது. அங்கே எண்ணெய் விட்டால் கிரீஸ் கரைந்து வழிந்துவிடும். அந்த லேத் வைத்திருப்பவர்கள் ஏழாம் பகுதிக்குப் போய்விடலாம்.

6. கோன் புல்லியும் பேக் கியரும்

எல்லோரும் மறக்கும் துளை இங்கே இருக்கிறது.

நேர் ஓட்டத்தில் கோன் புல்லியும் ஸ்பிண்டிலும் ஒன்றாகப் பூட்டப்பட்டுச் சேர்ந்தே சுற்றும். இரண்டுக்கும் இடையே உராய்வு இல்லை. பேக் கியர் போட்டதும் நிலைமை மாறிவிடுகிறது. புல்லி வேகமாகச் சுற்ற, ஸ்பிண்டில் அதனுள் மெதுவாகச் சுற்றுகிறது. அப்போது புல்லியின் உள்புஷ் முழுவதும் உரசுகிறது. அங்கே எண்ணெய் இல்லாவிட்டால் புல்லி ஸ்பிண்டிலோடு கவ்விக்கொள்ளும். அதைப் பிரிக்க ஹெட்ஸ்டாக்கையே அவிழ்க்க வேண்டிவரும்.

இதற்கான துளை புல்லியின் ஒரு படியில், பெல்ட் ஓடும் இடத்தில் அல்லது அதன் பக்கவாட்டில், சிறு திருகாணியால் மூடப்பட்டிருக்கும். புல்லியைக் கையால் சுற்றித் தேடுங்கள். திருகாணி மேலே வரும்படி நிறுத்தி, கழற்றி, சிரிஞ்சால் எண்ணெய் விட்டு, சில சுற்று சுற்றி, மறுபடி கொஞ்சம் விடுங்கள். திருகாணியைத் திரும்பப் போட்டதும் பெல்ட் ஓடும் பரப்பை உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். நேர் ஓட்டத்தில் மட்டும் வேலை செய்கிற நாளில் இதைத் தொட வேண்டாம். பேக் கியர் போடும் ஒவ்வொரு நாளும், போடுவதற்கு முன்பே, தவறாமல் விட வேண்டும். மரை வெட்டும் வேலைக்குப் பேக் கியர் போடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேக் கியர் தண்டின் நடுவிலும் ஒரு துளை உண்டு. அதற்கும் அப்போதே விட்டுவிடுங்கள்.

7. இடப்பக்கக் கியர்கள்

ஹெட்ஸ்டாக்கின் இடப்பக்கக் கதவைத் திறந்தால், ஸ்பிண்டிலின் சுழற்சியைச் சேடிலை நகர்த்தும் தண்டுக்குக் கடத்தும் சேஞ்ச் கியர் வரிசை. இங்கே இரண்டு வேலை இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. பற்களுக்குக் கிரீஸ், கியர் சுற்றும் மையத் தண்டுக்கு எண்ணெய். பற்கள் கிரீஸில் குளித்துக்கொண்டிருக்க, மையத் தண்டு காய்ந்து கிறீச்சிடும் லேத்துகளே அதிகம். தண்டின் முகப்பில், நட்டுக்கு நடுவே, சிறு துளை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கியரைக் கழற்றி, தண்டைத் துடைத்து, எண்ணெய் தடவி மாட்டுங்கள்.

பற்களுக்குக் கிரீஸை பிரஷால் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். அதிகமானால் கதவின் உள்பக்கம் தெறிக்கும். இந்தக் கிரீஸில் சீவல் ஒட்டியிருந்தால் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். அழுக்குக் கிரீஸ் மேல் நல்ல கிரீஸ் பூசுவதில் பயனில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: எண்ணெய்த் துளையில் கிரீஸ் கன் வைக்காதீர்கள். குண்டு ஆயிலர் பார்வைக்குக் கிரீஸ் நிப்பிள் போல இருப்பதால் பலரும் அழுத்திவிடுகிறார்கள். எண்ணெய் தன் எடையாலே இறங்கிப் பரவ அமைத்த மெல்லிய வழியைக் கிரீஸ் அடைத்துக்கொண்டு நிற்கும். பிறகு விடும் எண்ணெய் அதைத் தாண்டாது.

8. பெட்டும் சேடிலும்

இனி 68 எண்ணெய். சுத்தமான பெட்டில் தடம் தடமாக மெல்லிய கோடு விட்டு, விரலாலோ சுத்தமான பிரஷாலோ பரப்புங்கள். சேடிலின் இறக்கைகளில் நான்கு மூலைகளிலும் துளை இருக்கும், அவற்றிலும் விடுங்கள். பிறகு கைச்சக்கரத்தால் சேடிலைப் பெட்டின் இரு முனைவரை மெதுவாக ஓட்டுங்கள்.

ஓட்டியதும் சேடிலின் முன்னும் பின்னும் பெட்டில் சேர்ந்திருக்கும் எண்ணெய் வரியை உற்றுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் அடியில் இருந்த அழுக்கு வெளியேறுகிறது என்று பொருள். அதைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். வரி எண்ணெயின் சொந்த நிறத்திலேயே வரும்வரை இதைச் செய்ய வேண்டும். வெகுநாள் கவனிக்காத லேத்தில் இதற்கே நேரம் போகும். போகட்டும். பெட் ஒருமுறை தேய்ந்தால் அதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. கிரைண்டிங்குக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதற்குச் செலவு அதிகம்.

சேடிலின் ஓரங்களில் தகட்டுக்குள் கம்பளிப் பட்டை பொருத்தியிருக்கும். துகள் அடியில் புகாமல் தடுப்பது அதுதான். திருகாணியை அவிழ்த்து வெளியே எடுத்தால் பல நேரம் அதில் இரும்புத்தூள் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டிருப்பது தெரியும். அப்படியே விட்டால் அந்தப் பட்டை ஒவ்வொரு நகர்விலும் பெட்டைக் கீறுகிறது. மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள். விறைத்திருந்தால் புதிது வெட்டிப் போடுங்கள்.

9. கிராஸ் ஸ்லைடு, கம்பவுண்டு

இரண்டிலும் மூன்று இடங்கள்: சறுக்கும் டவ்டெயில் (சரிவான பக்கங்கள் கொண்ட தடம்), திருகுத் தண்டின் நட், கைப்பிடிக்கு அருகில் டயலுக்குப் பின்னால் தண்டு சுற்றும் இடம்.

டவ்டெயிலுக்கு விட ஸ்லைடை முழுவதும் பின்னால் இழுத்துத் திறந்த பகுதியைத் துடைத்து எண்ணெய் தடவி, பிறகு முழுவதும் முன்னால் தள்ளி மறுபாதியையும் செய்யுங்கள். எப்போதும் நடுவிலேயே வைத்து எண்ணெய் விட்டால் நடுப்பகுதி மட்டும் நனையும்.

டயலுக்குப் பின்னால் உள்ள துளை குண்டு ஆயிலராக இருந்தால் கேனின் மூக்கால் குண்டை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டே பம்ப் செய்ய வேண்டும். மேலே வைத்து அழுத்தினால் எண்ணெய் சுற்றி வழியும், ஒரு துளியும் உள்ளே போகாது. மூக்கு நுனியில் சின்ன ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டால் கசிவு நிற்கும்.

எண்ணெய் விட்டதும் ஸ்லைடு திடீரென்று தளர்ந்துவிட்டதாகத் தோன்றினால் ஸ்லைடின் ஆட்டத்தைச் சரிசெய்யும் கிப் பட்டையின் திருகாணிகளை உடனே இறுக்காதீர்கள். இத்தனை நாள் பிசினாகிப் போன எண்ணெய்தான் இறுக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தது. பல முறை ஓட்டிப் பார்த்து, உண்மையிலேயே ஆட்டம் இருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள்.

10. ஏப்ரானும் லீட் ஸ்க்ரூவும்

ஏப்ரான் என்பது சேடிலின் முன்பக்கம் தொங்கும் பெட்டி. அதன் முகப்பில் கைச்சக்கரத் தண்டு, ஃபீட் கைப்பிடி, லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டின் கைப்பிடி ஆகியவற்றுக்கு மேலே துளைகள் இருக்கும். மூடிய ஏப்ரானில் உள்ளே எண்ணெய்த் தொட்டி இருந்தால் அளவு பார்த்தால் போதும்.

பெட்டின் நீளத்துக்கு ஓடும் மரைத் தண்டான லீட் ஸ்க்ரூவில் நேராக எண்ணெய் ஊற்றுவது வீண். மரையின் அடியில் நாள்பட்ட கறுப்புக் களிம்பு உட்கார்ந்திருக்கும். பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, தண்டு நின்றிருக்கும்போதே மரை ஓட்டத்தில் தேய்த்து, துணியால் துடைத்து, அதன்பிறகு மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். தண்டை மோட்டாரில் ஓடவிட்டு, கயிறையோ துணியையோ மரையில் பிடித்துச் சுத்தம் செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துணி ஒருமுறை சிக்கினால் விரலோடுதான் இழுக்கும்.

ஹாஃப் நட்டைத் திறந்து மூடி, திறந்த நிலையில் அதன் உள்மரையிலும் இரண்டு துளி விடுங்கள். லீட் ஸ்க்ரூவின் வலது முனையைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு துளை உண்டு. பெட்டின் வலப்பக்கம் நிற்கும் டெயில்ஸ்டாக் மறைத்திருக்கும் என்பதால் அது கண்ணில் படாது.

11. டெயில்ஸ்டாக்

பூட்டைத் தளர்த்தி, உள்ளிருந்து நீளும் உருளையான பேரலை வெளியே முடிந்த அளவு நீட்டித் துடைத்து, எண்ணெய் தடவி உள்ளே இழுங்கள். மேலே உள்ள துளையிலும் விடுங்கள். கைச்சக்கரத்துக்கு முன்னால், திருகின் அழுத்தத்தைத் தாங்கும் இடத்துக்குத் தனித்துளை இருக்கும். டிரில் போடும்போது முழு பளுவும் அங்கேதான் விழுகிறது.

பேரலின் உட்கூம்பில் மட்டும் எண்ணெய் கூடாது. அந்தக் கூம்பு உலர்ந்த இரும்பும் இரும்பும் கவ்வுவதால்தான் டிரில் சக்கைப் பிடித்து நிறுத்துகிறது. எண்ணெய் இருந்தால் வழுக்கிச் சுற்றி உட்பரப்பைக் கீறிவிடும்.

வேலைப்பொருளின் முனையைத் தாங்க, சுழலாத கூர்முனையான டெட் சென்டர் பயன்படுத்தினால் அதன் நுனிக்கு எண்ணெய் நிற்காது, கிரீஸ் வையுங்கள். வெட்ட வெட்ட வேலைப்பொருள் சூடாகி நீளும், சென்டர் இறுகும். அவ்வப்போது நிறுத்தி, சற்றுத் தளர்த்தி, மறுபடி கிரீஸ் வைக்க வேண்டும். நீலம் பாய்ந்த சென்டர் நுனியைப் பார்த்தால் இதைச் செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

12. எண்ணெய் படக் கூடாத இடங்கள்

பெல்ட் முதலாவது. எண்ணெய் பட்ட வி பெல்ட் ஊதிப் போய் வழுக்கும். மோட்டாரில் மூடிய பால் பேரிங் இருந்தால் அதைத் தொட வேண்டாம். பழைய மோட்டாரில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தால் மட்டும் சில துளிகள். மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையில் உள்ள கவுன்டர் ஷாஃப்ட் என்ற தண்டு புஷ்ஷில் சுற்றினால் அதற்குத் தினமும் எண்ணெய் வேண்டும், வழிந்ததை உடனே துடைக்கவும் வேண்டும், ஏனென்றால் பெல்ட் பக்கத்திலேயே ஓடுகிறது.

சக்கின் உள்ளே எண்ணெய் ஊற்றாதீர்கள். சுழலும்போது நேராக உங்கள் சட்டைக்கும் முகத்துக்கும் வரும், கூடவே சீவலை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். தாடைகளைக் கழற்றித் துடைத்து, உள்சுருளில் மெல்லிய கிரீஸ் பூச்சு ஒன்று, அதுவும் எப்போதாவது. அது போதும்.

13. ஓடவிட்டுப் பார்த்தல்

எண்ணிக்கை சரியா என்று பார்த்து, வழிந்த எண்ணெயைத் துடைத்து, பெல்ட்டை இறுக்கி, கதவுகளை மூடி, பிளக்கை மாட்டுங்கள். குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓடட்டும். பிறகுதான் வேகம் கூட்ட வேண்டும். நின்றிருந்த லேத்தில் புஷ்ஷும் தண்டும் ஒட்டியிருக்கும். சுற்றத் தொடங்கிய பிறகுதான் எண்ணெய் இடையில் புகுந்து தண்டைத் தூக்கி நிறுத்துகிறது.

லேத்தை நிறுத்திவிட்டு ஹெட்ஸ்டாக்கின் புஷ் பகுதியில் கையை வையுங்கள். இதமான சூடு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். எண்ணெய் இறங்கவில்லை, அல்லது புஷ் அதிகம் இறுக்கப்பட்டிருக்கிறது. புஷ் ஓரத்தில் கசியும் எண்ணெயை வெள்ளைத் துணியில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு, அழுக்கைக் காட்டுகிறது. பொன்னிறத்தில் மின்னும் துகள் தெரிந்தால் கன்மெட்டல் தேய்கிறது; திரியையும் துளையையும் மறுபடி சோதியுங்கள்.

14. எப்போது, எவ்வளவு அடிக்கடி

ஸ்பிண்டில், பெட், ஸ்லைடுகள், கவுன்டர் ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு லேத்தைத் தொடும் ஒவ்வொரு நாளும், வேலைக்கு முன். வேலை முடிந்த பிறகு விட்டால் இரவெல்லாம் தூசி அதில் படிந்து காலையில் சேடிலுக்கு அடியில் போகும். முடிந்ததும் துடைத்து, துருப்பிடிக்காத அளவுக்கு மெல்லிய பூச்சு மட்டும் விடுங்கள். நாள் முழுதும் ஓட்டினால் மதியம் ஒருமுறை ஸ்பிண்டில் கிண்ணத்தைப் பாருங்கள். ஏப்ரான், டெயில்ஸ்டாக், லீட் ஸ்க்ரூ, சேஞ்ச் கியர் தண்டுகள் வாரம் ஒருமுறை. கம்பளிப் பட்டையும் திரியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

வேலையைப் பொறுத்தும் மாறும். வார்ப்பிரும்பு கடைந்தால் மாவு போன்ற கறுந்தூள் வரும். எமரித் தாளால் மெருகேற்றினால் அதைவிட மோசம். இரண்டும் எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசைதான். தொடங்கும் முன் சக்குக்குக் கீழே பெட்டின்மேல் தாளை விரியுங்கள். துணி வேண்டாம், சக்கில் சிக்கும். முடிந்ததும் நான்காம் பகுதியையும் எட்டாம் பகுதியையும் அன்றே மறுபடி செய்யுங்கள். தண்ணீரில் கலக்கும் வெள்ளைக் குளிர்விப்பான் ஊற்றி வேலை செய்தாலும் இப்படித்தான். அது பெட்டின் எண்ணெயைக் கழுவிவிட்டுத் துருவுக்கு வழிவிடுகிறது.

15. பல வாரம் ஓடாமல் கிடந்த லேத்

முதலில் சுவிட்சைப் போடாதீர்கள். கிண்ணம் காய்ந்திருக்கும், திரி காய்ந்திருக்கும். ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விட்டு, கையால் சுற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி சுற்றுங்கள். பெட்டில் துருப்புள்ளி தெரிந்தால் உப்புத்தாளை எடுக்காமல், எண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்து எடுங்கள்.

கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் ஓடாத லேத்தின் பெட்டுக்கு 68 எண்ணெயைத் தாராளமாகப் பூசி, சேடிலை வாரம் ஒருமுறை இடம் மாற்றி வையுங்கள். ஒரே இடத்தில் நின்றால் அதன் ஓரத்தில் ஈரம் தங்கி, பெட்டின் குறுக்கே துருக்கோடு விழும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் உள்ளேயே வியர்க்கும். பருத்தித் துணி போர்த்துங்கள். மறுபடி வேலை தொடங்கும் நாளில் அந்த எண்ணெயையும் அதில் படிந்த தூசியையும் முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு, புதிதாக விட்டபின் சேடிலை நகர்த்துங்கள்.